சிவப்புத் தோசையும் துரையின் நாக்கும்

கருப்பாயியின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவந்திருந்தன. அவள்தான் திருடி என்று முடிவுகட்ட துரைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“ஆறு சிவப்பு தோசே காணோம். நீ தின்னாச்சு,” என்றார். தோட்டத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் கற்ற தமிழ், வேலை வாங்கவும் வையவும் மட்டும் போதுமானதாக இருந்தது.

“பீட்ரூட்ட சீவுனது நானுங்க தொரை. கை செவக்காம என்ன செய்யும்?”

“பேசாதே. நாளைக்கு லயன் வீடு காலி பண்ணு.”

கருப்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. பங்களாவைப் பெருக்கும் வேலை போனால் போகட்டும், வெளிக்காட்டில் புல் வெட்டிப் பிழைத்துக்கொள்வாள். தோட்டம் கொடுத்திருந்த அந்த லயன் வீடும் போய்விட்டால், இருமிக்கொண்டு கிடக்கும் புருஷனை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது?

மலாயாவில், ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அன்று சாயங்காலம் பங்களாவில் விருந்து. துரைசாணி ஏதோ சீமைப் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். மெல்லிய தோசை, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக. உள்ளே வெள்ளையாய் மெத்தென்று பால்கட்டி. அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சமையல்காரர் செபஸ்தியன் அசரவில்லை. மைதாவும் முட்டையும் கரைத்த மாவில் பசலைக்கீரைச் சாறு விட்டுப் பச்சை, காரட் சாறு விட்டு மஞ்சள், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரிலிருந்து வந்த பீட்ரூட்டில் சிவப்பு. நல்ல பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து திரியவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்பும் மிளகும் சேர்த்து உள்ளே வைத்துச் சுருட்டினார். சட்டியில் போட்டதும் சிவப்பு மட்டும் வெளுத்துப்போயிற்று. துரைசாணி விடவில்லை, மேலே காய்ச்சாத பீட்ரூட் சாற்றைத் தடவச் சொன்னார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு.

பாவம், துரைக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது. மூட்டு வீக்கத்துக்காக டாக்டர் வெண்ணெய், முட்டை, பால்கட்டி எல்லாவற்றையும் தடுத்திருந்தார். மத்தியானம் அவருக்கு அவித்த காய்தான். தனக்கே கிடைக்காததை ஒரு கூலிக்காரி தின்றுவிட்டாளே என்று அவருக்கு வந்த ஆத்திரம் நியாயம்தானே.

“காலையிலேருந்து கருப்பாயி என் பக்கத்துலதான் நின்னுச்சு தொரை. அது எடுக்கல,” என்றார் செபஸ்தியன்.

“நீ சும்மா இரு.”

சத்தம் கேட்டுத் துரைசாணி பின்வாசலுக்கு வந்தார். தமிழ் வராது, வேலைக்காரர்களிடம் மலாய்தான்.

“சியாப்பா மாக்கான்?” என்று கேட்டார், யார் தின்றது என்று. பிறகு புருஷனிடம் இங்கிலீஷில், கையைப் பார்ப்பானேன், தின்ற நாக்கைப் பாருங்கள் என்றார்.

துரைக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது.

“நாக்கு நீட்டு.”

கருப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து வெற்றிலை மென்ற வாய் அது. நீட்டினால் தொலைந்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

செபஸ்தியன் குறுக்கே வந்தார். “தொரை முன்னாடி நாக்க நீட்டுனா மரியாதை இல்லன்னு பயப்படுது தொரை.”

துரைக்கு அந்த மரியாதையெல்லாம் விளங்கவில்லை. நீட்டு என்றால் என்னவென்றே இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

“இப்பிடி,” என்று தன் நாக்கை நன்றாக வெளியே நீட்டிக் காட்டினார்.

செக்கச்செவேலென்று இருந்தது.

செபஸ்தியன் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேரைச் சோதனை போட்டவர் துரை. தன் நாக்கும் ஒரு நாக்குதான் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

துரைசாணி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். சின்னக் கேள்விதான். துரையின் முகம் நாக்கைவிடச் சிவந்துவிட்டது.

அப்போது கருப்பாயி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

“சிரே, மெம்,” என்று மலாயில் சொல்லி, ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினாள். தன் நாக்கையும் இப்போது தாராளமாகவே நீட்டிக் காட்டினாள். “தொரைக்கும் நாந்தான் மடிச்சுக் குடுத்தேன். சொல்லுங்கண்ணே.”

செபஸ்தியன் கண் இமைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னார். “யெஸ், யெஸ்,” என்று துரை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் தோசை எங்கே என்றார் துரைசாணி.

“மங்கி, மெம்,” என்றார் செபஸ்தியன், கொஞ்சமும் கூசாமல்.

“ஆமா. பெரிய கொரங்கு,” என்றார் துரை.

“பெரிசுதானுங்க,” என்றாள் கருப்பாயி, அவர் முகத்தைப் பார்த்தே.

லயன் வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

துரையும் துரைசாணியும் உள்ளே போனதும் செபஸ்தியன் கேட்டார். “ஒன்ன வீட்ட விட்டே வெரட்டப் பாத்த மனுசன். அவரப் போயி ஏன் காப்பாத்துன?”

“அவரு மாட்டுனா மெம் ஒரு நா திட்டும், அதோட சரி. அப்புறம் அந்தக் கோவத்த எம்மேலதான காட்டுவாரு? இப்ப எங்கிட்ட வாயத் தொறக்க முடியுமா?” கருப்பாயி சுருக்குப்பையை இறுக்கினாள். “ஆனா ஒண்ணுண்ணே. மெம் நம்பணும்னா அவரு பழக்கத்த விடக் கூடாதுல்ல.”

மறுநாளிலிருந்து, துரைசாணியின் கண்ணெதிரிலேயே, கருப்பாயி மடித்துக் கொடுக்கும் வெற்றிலையைத் துரை தினமும் மென்றாக வேண்டியதாயிற்று. சுண்ணாம்பை மட்டும் அவள் கொஞ்சம் தாராளமாகத் தடவினாள்.