இறக்கைக்குள் பல்லி

ஒரு பெண் தன் புருஷனுக்காகக் காத்திருப்பதற்கு நான் போட்ட விலை நாற்பதாயிரம்.

ஐம்பதுவரை போகலாம் என்று சட்டைப் பையில் பத்தைத் தனியாக வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்காமல் வீடு திரும்புவதுதான் கெட்டிக்காரத்தனம். கீழமாசி வீதி மண்டியில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் என் நண்பன் அழகுராஜாவின் வீடு. கூடத்தில் சோபாவுக்கு மேலே கயிற்றில் தொங்கியது சரக்கு. ரிமோட்டில் பறக்கிற விமானம். இரண்டு இறக்கையும் சேர்த்து ஒன்பதடி. பஞ்சுக் கனமே உள்ள பால்சா கட்டையில் அவனே அறுத்து ஒட்டிய விலா எலும்புகள். அதன்மேல் மஞ்சள் பிளாஸ்டிக் தாள்.

தாள் ஒட்டுவதில்தான் ஆளின் கை தெரியும். சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டிவிட்டுச் சூடு காட்டினால், தாள் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். சூடு கூடினால் ஓட்டை, குறைந்தால் சுருக்கம். நானும் ஆறு வருடமாக ஒட்டுகிறேன். என் இறக்கைகள் எல்லாம் கசங்கின வேட்டிதான். அவனுடையதில் ஒரு சுருக்கத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், வலது இறக்கையின் கடைசித் தாளை ஒட்டினான். பறக்கவிடத் தோதான பொட்டல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கொட்டாம்பட்டிப் பக்கம் போனான்.

நான்குவழிச் சாலை ஓரத்தில் பைக் நின்றது. சாவி பைக்கிலேயே இருந்தது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. ஆள் இல்லை.

போலீஸ் தேடியது. நாங்கள் தேடினோம். அந்தச் சுற்றில் இருந்த கிணறுகளில் எல்லாம் ஆள் இறக்கிப் பார்த்தோம்.

அவன் போன அன்றைக்கு ராத்திரியிலிருந்து இறக்கைக்குள் பல்லி கத்துகிறது என்றாள் அவன் மனைவி ரோகிணி. அவசரத்தில் அதையும் உள்ளே வைத்து ஒட்டிவிட்டார் போல என்றாள். ‘வருவாரா’ என்று தினமும் அதனிடம் கேட்பாளாம். முதலில் தினமும் சொல்லியிருக்கிறது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. இந்த ஒரு மாதமாக வாயே திறக்கவில்லையாம்.

எட்டு மாதம் எதைத் தின்று உயிரோடு இருக்கும் என்று நான் கேட்கவில்லை. வாங்கப் போன இடத்தில் வாய் நீண்டால் விலையும் நீளும்.

என் விலையைச் சொன்னேன். இன்ஜினுக்கே முப்பதாயிரம் கொடுத்தாரே என்றாள். ஓடாத இன்ஜினுக்கு இரும்பு விலைதான் என்றேன். இன்னொரு சித்திரை வெயில் பட்டால் தாள் தொங்கிப்போகும், அப்புறம் நானே கேட்க மாட்டேன் என்றும் சொல்லி வைத்தேன். கோயம்புத்தூரில் ஒருவர் ஒன்றே கால் லட்சத்தோடு காத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அது சொன்னாக் குடுத்துர்றேண்ணே. நாஞ் சொல்ல என்ன இருக்கு?”

வலது இறக்கையை அவிழ்த்து இறக்கினேன். முறுக்கல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, முகத்துக்கு நேரே தூக்கி ஜன்னலுக்குக் காட்டினேன். மத்தியான வெயில் மஞ்சளுக்குள் புகுந்தது. விலா எலும்புகள் நிழலாக எழுந்து நின்றன. நடுவில் பதினாறு அறை. ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். பல்லி இல்லை. செத்துக் காய்ந்த பல்லியும் இல்லை. ஒரு புழுக்கைகூட இல்லை.

அதையும் அவளிடம் சொல்லவில்லை.

ரோகிணி இறக்கைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மஞ்சளுக்குப் பின்னால் அவளுடைய நிழல் மட்டும் தெரிந்தது. ‘குடுக்கலாமா’ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை.

“ஏங்க, இனிமே வரமாட்டீகளா?”

பல்லி உச்சுக் கொட்டியது.

ரோகிணி விரலை மடக்கி, ஒவ்வொரு சத்தத்துக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். பல்லி சொன்னால் எல்லோரும் செய்வதுதான். மூன்று தட்டு. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மூணே கால் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை.

பணத்தை நீட்டினேன். எண்ணாமல் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். கொண்டுபோங்கண்ணே என்றாள்.

இறக்கைகளைப் போர்வையில் சுற்றி மினி வேனில் படுக்க வைத்தேன். காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அந்தத் தட்டுகளை விரல்விட்டு எண்ணினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உச்சுக் கொட்டியது நான்தான். இறக்கை என் முகத்தை மறைத்திருந்தது. குறைத்துக் கேட்கிறவனைப் பார்த்து முப்பது வருடம் உச்சுக் கொட்டிப் பழகிய நாக்கு. அவள் கேள்வியை மாற்றுவாள் என்று நான் நினைக்கவில்லை. மாற்றின பிறகும் நாக்கு நிற்கவில்லை.

இரண்டு தடவை கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் மஞ்சள் தாள் என் உள்ளங்கைக்கு அடியில் ஒருதரம் துடித்தது.

நான் கொட்டியது இரண்டு. ரோகிணி தட்டியது மூன்று.

காளவாசலிலிருந்து வீடுவரைக்கும் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்று உதைக்கிறது.