நனையாத தார்

ஆட்டையாம்பட்டியில் ரஞ்சனியின் தறி ஓடுகிறது. லடாக்கிலிருந்து வந்திருக்கும் யாக் எருதின் கம்பளி நூல் ஒரு சால்வைக்குத்தான் காணும். அதை அறாமல் நெய்து காட்டினால்தான் அடுத்த ஆர்டர். ஊடை நூல் சுற்றிய குச்சியான தாரை, பருத்தியென்றால் நனைக்கிற பழக்கத்தில் கணவன் பூபதி இதையும் நனைத்துக் கொடுத்துவிட்டான். தாரைச் சுமந்த நாடா தறியின் குறுக்கே ஓட ஓட நூல் அறுந்தது. “பனியில கெடக்கற மாட்டோட முடிக்குத் தண்ணி ஆகாதாக்கும்?” என்கிறான். “மாடு நனையட்டுங்க. நூலு நனைஞ்சா தெம்பு போயிருதுங்க.” காய்ந்த தாரை மாட்டி, மெல்லத் தட்டி நெய்கிறாள். கருப்பட்டி நிறத்தில், முயல்குட்டியின் முதுகுபோல, சாணளவு துணி இறங்குகிறது. பூபதி தொட்டுப் பார்க்கிறான். கையை எடுக்க மனம் வரவில்லை. மேலே தகரம் வெயிலில் முறுகுகிறது. ரஞ்சனியின் மோவாயில் வேர்வை திரள்கிறது. அது துணியில் சொட்டுமுன் அவன் தன் துண்டால் ஒற்றியெடுக்கிறான்.