ஒரு முழக் கயிறு

கயிறு ஒரு முழம் தொய்ந்திருந்தது.

அவளுக்குத் தெரியும். இழுக்கவில்லை.

மேலே, பனைமர உயரத்தில், அவர் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் இடுப்பில் முடிந்த கயிறு உச்சியில் அடித்திருந்த வளையத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி, அவள் இடுப்புக் கொக்கி வழியாக அவளுடைய வலது கைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கை பிடித்தால்தான் அவர் உண்டு.

அவர் சென்னியப்பன். அந்தப் பெயரை அவள் ஒரு வீட்டு வாசலில் படித்திருந்தாள். இரண்டு வாரம் முன்பு. கேட்டில் 'வீடு வாடகைக்கு' பலகை. மாடி வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எந்த ஊருங்க அம்மணி?"

சொன்னாள்.

"உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?"

சொன்னாள்.

"வீடு ஊருக்குள்ளீங்களா, அந்தப் பக்கமுங்களா?"

அவள் பதில் சொல்லவில்லை. அதுவே பதிலாயிற்று. சாவி சட்டைப் பைக்குள் போனது. வீடு நேற்றே முடிந்துவிட்டதாம்.

பலகை இன்றுவரை தொங்குகிறது. வேலைக்குப் போகும்போது பேருந்து சன்னல் வழியே பார்க்கிறாள். அவளும் அம்மாவும் இப்போதிருக்கும் வீட்டை இந்த மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும்.

வேறு பாறைகளில் ஏறிப் பழகியவர், இந்தக் குழுவுக்கு இன்றுதான் வந்திருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. அல்லது, வாசலில் நின்றபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காலையில் டீ குடிக்கும்போது, புதிதாக வந்த பெண் ஒருத்தி எல்லோரையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்காமல் இந்தப் பாறைக்கு ஏன் வருகிறீர்கள்?

வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கழுத்து போயிற்று, ஒரு நாளாவது அண்ணாந்து பார்க்க வேண்டாமா என்றார் பல் டாக்டர்.

"இங்க மட்டுந்தான் யாரும் எங்கிட்டச் சில்லறை கேக்கறதில்ல" என்றார் கண்டக்டர் ரங்கராசு.

மேலே தொங்கும்போது செத்துப்போனவர்களின் நினைவு வருவதில்லை என்றார் ஒரு ஆசிரியை.

பிறகு சென்னியப்பன் சொன்னார். "இங்க வந்தா நீ யாருன்னு யாரும் கேக்கறதில்லீங்க. பாறைக்கு எல்லாரும் ஒண்ணுதானுங்க."

கைதட்டினார்கள்.

அவள் முறை வந்தபோது "ஒண்ணுமில்ல" என்றாள்.

அவர் சொன்னது அவளுடைய பதில். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

வீட்டைத் தரவில்லை. இதை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் வழக்கம்போல ஆளுக்கொரு காலணியைக் கழற்றிக் குவியலில் போட்டார்கள். பயிற்சியாளர் அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாக எடுப்பார். சேர்ந்து வரும் காலணிக்காரர்களுக்கு அன்றைக்கு ஒரே கயிறு. ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும்.

அவருடையதும் அவளுடையதும் சேர்ந்து வந்தன.

ஏறும் முன் அவர் இடுப்பு முடிச்சைச் சோதித்தாள். அது இங்கே விதி. கண்ணால் பார்த்தால் போதாது. தொட்டு, இழுத்து, பிறகுதான் சரி சொல்ல வேண்டும்.

தொட்டாள். இழுத்தாள். சரி என்றாள்.

இப்போது அந்த ஒரு முழம்.

மேலே அவர் கால் பாறையைத் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை.

"கயிறு! கயித்த இழுங்க!"

காதில் விழுந்தது.

அவர் நழுவினார்.

ஒரு முழம்தான். அதற்கே அலறினார்.

அவள் வலது கை இறுகியிருந்தது. அவளைக் கேட்கவில்லை. அவள் ஒன்றும் தீர்மானிப்பதற்கு முன்பே அது கயிற்றைத் தொடையோடு அமுக்கி நிறுத்திவிட்டிருந்தது.

அந்தக் கையை வெறுத்தாள்.

அவர் அந்தரத்தில் மெல்லச் சுழன்றார். "அப்பாடா. நல்லாப் புடிச்சீங்க அம்மணி. இறக்கீருங்க."

அதே அம்மணி.

இடது கையால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாடி வீடு இன்னும் காலியாத்தான் இருக்கா சார்?"

அவர் இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தார். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அவருடைய இரண்டு கைகளும் இடுப்பு முடிச்சைப் பற்றிக்கொண்டன.

விட்டுவிடுவாள் என்று நினைக்கிறார்.

அதுதான் அவளை அதிகம் எரித்தது.

இறக்கினாள். சாண் சாணாக, ஒரு குலுக்கல் இல்லாமல், யாரை இறக்கினாலும் இறக்குவதுபோல.

அவர் கால் தரையில் பட்டது. விழுந்த வேகத்தில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். நிமிரவில்லை.

"அதுங்க... வீட்டுல அம்மா பழைய ஆளு..."

"ஆள் மாத்துங்க!" அல்போன்ஸ் கத்தினார்.

கயிற்றின் நுனியை வாங்கி அவள் தன் இடுப்பில் முடிந்தாள். எட்டு வடிவத்தில் முடிச்சுப் போட்டு, திரும்பக் கோத்து, இறுக்கினாள். அவர் மறுபக்கக் கயிற்றைத் தன் கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

எட்ட நின்று அவள் முடிச்சைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார்.

அவள் நகரவில்லை.

பக்கத்துக் கயிற்றில் ரங்கராசு ஆசிரியையின் முடிச்சை இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். "ரைட், போலாம் டீச்சர்!"

அவள் பாறைக்கு முதுகைக் காட்டி அவருக்கு நேராக நின்றாள்.

"தொட்டுப் பாத்துச் சொல்லுங்க சார்."

ரங்கராசு திரும்பிப் பார்த்தார்.

அவர் கை எழுந்தது.

முடிச்சுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.