மைனர் ஆபரேஷன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் டியூப்லைட் கண்சிமிட்டுகிறது. நேற்று இங்கே இறந்துபோன கணவனின் கண்ணாடியும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கைக்கடிகாரமும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் மடியில் கிடக்கின்றன. அவனுக்குக் கத்தி வைத்த அதே டாக்டர், எதிர் பெஞ்சில் ஓர் இளம்பெண்ணிடம் குனிந்து சிரிக்கிறார். “மைனர் ஆபரேஷன்தாம்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். சாயங்காலமே உன் வீட்டுக்காரர் எழுந்து காப்பி கேப்பார்.” அட்சரம் பிசகாத அதே பேச்சு. அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிகிறது. எழுந்து போய்க் குறுக்கே நிற்கிறாள். “மைனர்னா எதைவிடச் சின்னது, டாக்டர்?” டாக்டர் நர்ஸைப் பார்க்கிறார். “உக்காருங்கக்கா,” என்று நர்ஸ் தோளைத் தொடுகிறாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, பையை இளம்பெண்ணின் மடியில் வைக்கிறாள். “எங்கிட்டயும் மைனர்னுதான் சொன்னார், தங்கச்சி. கடைசியில இதைத்தான் கையில குடுத்தாங்க.”