எலும்புக்காரி வந்தாள்

"இந்த வருஷமும் என்னைச் சாகடிச்சிருக்காங்களான்னு பாரு, ஓதிலியா!"

கட்டிலில் சாய்ந்தபடி எவாரிஸ்தோ கேட்டார். அவர் மனைவி பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

இறந்தவர்களின் நாளன்று, உயிரோடிருக்கும் பெரிய மனிதர்களை எலும்புக்கூட்டு உருவில் சாவு, அந்த எலும்புக்காரி, வந்து கொண்டுபோனதாகப் பாட்டுக் கட்டிப் பேப்பர்காரர்கள் கேலி செய்வார்கள். மெக்சிகோவில் ஓர் அரசியல்வாதிக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. எவாரிஸ்தோ பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவரை அவரை யாரும் சீண்டவில்லை. நிதி மந்திரியான வருஷம் எல்லாப் பேப்பரும் சேர்ந்து சாகடித்தன. விலைவாசி இறங்கும், இறங்கும் என்று இவர் சொல்லச் சொல்ல, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனதால் வந்த வினை. அப்புறம் மாநிலக் கவர்னர் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினார். போன வருஷம் ஒரே ஒரு பேப்பர்தான் அவரைப் பொருட்படுத்தியது.

"காதுல விழலையா? அந்தப் பேப்பர் ஆசிரியர் பராகான் எழுதாம இருக்க மாட்டான். என்னைக் கணக்கு வாத்தின்னு ஏசாட்டி அவனுக்குச் சாப்பாடு இறங்காது."

"இரு கிழவா, தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

சாதாரண வயிற்றுப் புண் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். புற்று ஈரல் வரை போய்விட்டது, கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் மூச்சு விட வேண்டாம் என்று டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். இந்த மனுஷன் பயப்படாமல் போய்ச் சேர வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"கிடைச்சுடுச்சு!" என்றவள், தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"வாசலில் வந்து எலும்புக்காரி 'வாரும் மந்திரி' என்றாள்,
'விலைவாசி இறங்கட்டும், வருகிறேன்' என்றார், நம்பி நின்றாள்;
நாளும் போச்சு, வருஷமும் போச்சு, இறங்கவில்லை விலையே,
நின்ற இடத்திலே அவளே செத்தாள், இவரோ அசையவில்லையே!"

எவாரிஸ்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி அடங்கியது.

"அடேயப்பா! ஊர் என்னை இன்னும் மறக்கலை, பார்த்தியா?"

"உன்னை எப்படி மறப்பாங்க? நீ ஏத்திவிட்ட விலையிலதானே இன்னமும் தக்காளி வாங்குறாங்க!"

"சரி சரி, அந்த ரொட்டியைக் கொடு. பசிக்குது."

நாள் கணக்கில் எதையும் தொடாதவர், படையலுக்கு வாங்கிய ரொட்டியில் ஒரு விள்ளலைச் சூடான சாக்லேட்டில் நனைத்து மென்றார். ஓதிலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார்.

"பிரமாதமா கட்டியிருக்கே, கிழவி. பேப்பர்காரன் பாட்டுல எலும்புக்காரி ஒவ்வொரு தடவையும் என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுத்தான் போவா. அவளையே சாகடிக்கணும்னு உன்னைத் தவிர யாருக்குத் தோணும்?"

ஓதிலியா மடித்த பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பேப்பரில் எந்த மூலையிலும் அவர் பெயர் இல்லை.

"நிஜமாவே போகப்போறவனை அவங்க கேலி பண்ண மாட்டாங்க," என்றார் எவாரிஸ்தோ. "பராகான் முந்தாநாளே போன் பண்ணினான். முதல் தடவையா என்னை 'ஐயா'ன்னு கூப்பிட்டு, எந்த ஊர்ல பிறந்தேன், எங்கே படிச்சேன்னு ரொம்ப மரியாதையா கேட்டு எழுதிக்கிட்டான்."