ஞாயிற்றுக்கிழமை வீடு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஊரை விட்டு, தமிழ் அதிகம் காதில் விழாத இந்த நகரத்துக்கு வந்து குடியேறிய தன் அக்காவும் மாமாவும் வீடு வாங்கிய கதையாக, என் ஆபீஸ் நண்பர் சொன்னது.

மாமாவுக்குக் குடும்பத்தில் 'தட்டிப்பார்' என்று பெயர். தர்பூசணியோ சுவரோ, தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

அன்றைக்கும் அந்த எட்டாவது மாடி வீட்டில் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே நீச்சல் குளம், ஜிம். இப்படி எல்லா வசதியும் உள்ள அடுக்குமாடிக்கு இங்கே 'காண்டோ' என்று பெயர்; அதைச் சொல்லும்போதே அவருக்கு வாய் இனித்தது. இத்தனை வருஷம் சேர்த்ததும், ஊரில் மனையை விற்றதும் இதற்குத்தான்.

"சத்தம் கித்தம் உண்டா?"

"காதைத் தீட்டிக் கேளுங்க சார். ஊசி விழுந்தாக்கூட கேக்கும்" என்றார் ஏஜென்ட்.

கேட்டது. ஊசி இல்லை, ஒரு பெண் குரல்.

"வார நாள்ல ஒரு தடவை வந்து பாருங்க அண்ணா."

குடியிருந்த பெண் படுக்கையறை வாசலில் நின்றாள். கலைந்த தலை, கசங்கின சல்வார். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் ரெண்டு அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் சாமான்.

"ஏன், இன்னிக்குப் பாத்தா தெரியாதா?"

"தெரியாதுண்ணா. ஜன்னலுக்கு எதிர்ல பாருங்க, பக்கத்து ஆபீஸ் கட்டடத்தோட ஏசி மிஷினுங்க. இன்னிக்கு லீவு, ஓடல. நாளைக்குக் காலைல ஆரம்பிச்சா பொழுதுக்கும் உயிரை எடுக்கும். கட்டிலே நடுங்கும்."

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே திரைச்சீலையை இழுத்து மூடினார். மாமாவையும் அக்காவையும் லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வாடகைக்கு இருக்கறவங்க எல்லாம் இப்படித்தான் சார். வீடு வித்துட்டா காலி பண்ணணுமே! வர்ற பார்ட்டியை எல்லாம் பயமுறுத்தி அனுப்பறாங்க."

"வீட்டை வச்சிருக்கற லட்சணத்தைப் பாத்தீங்களா?" என்றாள் அக்கா. "வேணும்னே சத்திரம் மாதிரி வச்சிருக்கா. பாக்க வர்றவங்க முகம் சுளிக்கணுமாம்!"

"எதுக்கும் ஒரு நாள் லீவு போட்டு வந்து பாத்துடட்டுமா?" மாமா லேசாக இழுத்தார்.

"தாராளமா. ஆனா இன்னொரு பார்ட்டி ராத்திரியே அட்வான்ஸ் தர்றேன்னு நிக்கறாங்க. அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

மாமாவுக்குக் கோபம் வந்தது. ஏஜென்ட் மேல் இல்லை. திரும்பிப் போய் அந்தப் பெண் முன்னால் நின்றார்.

"ஏம்மா, நம்ம பாஷை பேசறவளாச்சேன்னு உரிமையோட சொல்றேன். அடுத்தவன் வீட்ல உக்காந்துக்கிட்டு, வாங்க வர்றவன் தலையில மண்ணை வாரிப் போடறியே, நல்லா இருக்கா உனக்கு?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"நம்ம பாஷை பேசறவங்களாச்சேன்னுதான் நானும் சொன்னேன்."

"பேச்சுல தேன் ஒழுகுது!" என்றாள் அக்கா, அவள் காதில் விழும்படியாகவே.

அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

பத்திரமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடி போனார்கள். மறுநாள் காலையில் மேஜை மேல் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது.

"கீழ ஏதாவது லாரி நிக்குதா?" என்றாள் அக்கா.

மாமா சுவரில் கை வைத்தார். இந்த முறை சுவர் அவரைத் தட்டிப் பார்த்தது.

நிர்வாக ஆபீஸுக்கு ஓடினார். அது பக்கத்து மனைக்காரர்கள் விஷயம், தாங்கள் தலையிட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறக் கூடாதாம். ஏஜென்ட்டின் போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எல்லாம் அவளாலதான்" என்றார் மாமா.

"அவளாலயா? அவதான் படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!"

"காலி பண்ண மனசில்லாதவ சொன்னா எவன் நம்புவான்? நம்பற மாதிரி சொல்லத் தெரியணும்ல?"

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. கீழே இருக்கும் காவலாளியிடம் புலம்பப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண், இவர்கள் வீடு பார்க்க வந்ததற்கு முந்தின வாரமே வேறு வீடு பார்த்துச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்று மிச்சம் கிடந்த ரெண்டு பெட்டியை எடுக்க வந்தவள். வீடு பார்க்கத் தமிழ்க் குடும்பம் வருகிறது என்று கேள்விப்பட்டு, காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாளாம்.

அக்கா அழுதுவிட்டாள். "போன் நம்பர்கூட வாங்கலையே. ஒரு மன்னிப்புக் கேக்கவாவது வழி இருந்திருக்கும்."

மாமாவும் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு லாபமும் இல்லாம நல்லது சொல்ல வந்தவளை நாக்குல நரம்பில்லாம பேசிட்டேனே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அதுலேர்ந்து மாமா ரொம்பத் திருந்திட்டார்ப்பா" என்று நண்பர் கதையை முடித்தார். வீடு இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறதாம்.

எழுதுவதற்கு முன்னால், மாமா திருந்தியதை மட்டும் சரிபார்த்துவிடலாம் என்று தோன்றியது. நண்பரிடம் நம்பர் வாங்கி, வீடு பார்க்க வேண்டும் என்று போன் செய்தேன்.

"தமிழா? அடடே, நம்ம ஆளு! தாராளமா வாங்க தம்பி" என்றார் தட்டிப்பார். "வார நாள்ல மட்டும் வேண்டாம், வேலைக்குப் போயிடுவோம். ஞாயித்துக்கிழமை வாங்க."