பன்னிரண்டாம் நாள் போட்டோ

சுவரிலிருந்து இரண்டாவது செங்கல் பெயர்ந்து விழுந்தபோது மெல்வின் எதிர்பார்த்த வெளிச்சம் வரவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிரேமலதா அக்கா தெரிந்தாள், கையில் தேங்காய்ப் பாதியோடு.

“என்ன தம்பி வேணும்? கேட்டா குடுத்திருப்பேனே.”

மெல்வினை வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறந்த குழந்தையைப் படம் பிடிக்க வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் தோது என்று கொழும்பு நோனா ஒருத்தி, நகரத்துச் சீமாட்டி, வீடியோவில் சொல்லியிருந்தாள். வடக்கு எது என்று போன் காட்டியது. வடக்கில் யார் குடியிருக்கிறார்கள் என்று போனுக்குத் தெரியாது. பத்துக் காம்பரா வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கிற தோட்டத்து லயத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டையை அடைத்தான். பின் சுவரில் புதிதாக இடித்தான். அந்தப் பக்கம் றப்பர் மரங்கள் மட்டும்தான் நிற்கின்றன என்று இந்த முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து இடித்தான்.

தோட்டத்து ஒப்பீசில் கேட்காமல் லயத்துச் சுவரில் கை வைக்கக் கூடாது. கேட்டால் கடிதம் கொடு என்பார்கள். அதற்குப் பதில் வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். வருவது வரட்டும் என்று விட்டுவிட்டான்.

அவன் மனைவி சரோன் கரவனெல்லப் பக்கம் தாய் வீட்டில் இருந்தாள். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம்தானே என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். மெல்வினும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் அவள் போனது ஆறாம் மாதத்தில், சண்டை போட்ட மறுநாள் முதல் பஸ்ஸில்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. இந்தப் புகைக்குள் பிள்ளையைப் போட மாட்டேன், அடுப்பை வெளியே எடுங்கள், ஒரு ஜன்னல் வையுங்கள் என்றாள். கலியாணமாகி மூன்று வருஷமாகக் கேட்பதுதான். மெல்வின் தன் புத்தியையெல்லாம் திரட்டி ஒரு பதில் சொன்னான்: “நாங்க கூடப்பொறந்த அஞ்சு பேரும் இந்தப் பொகையிலதான் வளந்தோம். செத்தா போயிட்டோம்?”

அந்த வாயை நினைத்தால் அவனுக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும்.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போய் இரண்டு தடவை பார்த்தான். சரோன் மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. நாற்பத்தொரு நாள் கழியாமல் பிள்ளை வாசல் தாண்டாது என்று மாமியார் ரோசம்மா சொல்லிவிட்டார். கழிந்த பிறகும் சரோன் வராவிட்டால் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

பிள்ளை பிறந்த நான்காம் நாள் போனில் பேச வேறு ஒன்றும் கிடைக்காதபோது, பொய் தானாக வாயில் வந்தது. பிள்ளையைப் படம் பிடிக்க எஹலியகொட டவுனிலிருந்து போட்டோக்கார ஷிராஸ் நானா வருகிறார், பன்னிரண்டாம் நாள், நம் வீட்டில் வைத்துத்தான், எல்லாம் பேசியாகிவிட்டது என்றான்.

“வீட்டுலயா?” என்றாள். பிறகு, “சரி, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். வந்துட்டுப் போறேன்” என்றாள்.

அந்தப் ‘போறேன்’ ஒரு வாரம் அவன் காதிலேயே கிடந்தது.

பொய்யைச் சொல்லி முடித்த பிறகுதான் ஷிராஸ் நானாவைக் கேட்டான். மாதம் முடியும்வரை கலியாண வீடுகள், ஒரு நாளும் காலி இல்லை என்றார். ஆகவே வராத போட்டோக்காரருக்காக மெல்வின் வீட்டைத் தயார் செய்யத் தொடங்கினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளைச் சுவர் வேண்டும் என்றாள் நோனா. சுண்ணாம்பு அடித்தான். மூன்று பூச்சுக்குப் பிறகும் கரி எட்டிப் பார்த்தது, நான்காவதும் அடித்தான். புகை கூடாது என்றாள். அடுப்பைப் பெயர்த்து வெளியே ஒரு தகரத்துக்கடியில் வைத்தான். பிள்ளையைக் கிடத்த அழகான கூடை வேண்டும் என்றாள். வீட்டில் இருந்த ஒரே கூடை கருவாட்டுக் கூடை. மூன்று தடவை கழுவியும் அது தன் குணத்தை விடவில்லை.

மூன்று வருஷம் மனைவி கேட்டுச் செய்யாததை, முகமறியாத ஒரு பொம்பளை சொல்லி எட்டு நாளில் செய்து முடித்திருக்கிறோம் என்பது கடைசிப் பூச்சு அடிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுண்ணாம்பு மட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் காலை லயமே தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு நின்றது. பிரேமலதா அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். ஓரமாகவாவது படத்தில் விழலாம் என்று அவளுக்கு நம்பிக்கை.

த்ரீவீலர் வந்து நின்றது. சரோன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தாள். ஜன்னலடியில் விரித்திருந்த துணியில் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளித்தது.

மெல்வின் பாடமாக்கி வைத்திருந்ததைத் தொடங்கினான். ஷிராஸ் நானாவுக்குக் காய்ச்சல் என்பதா, வழியில் பைக் நின்றுவிட்டது என்பதா என்று அவன் முடிவு செய்திருக்கவில்லை. ஆகவே இரண்டையும் சொன்னான்.

சரோன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

“புள்ளைக்கு என்ன கலர் சட்டை போடணும்னு கேக்க, போன ஞாயித்துக்கிழமையே நானாவுக்குக் கோல் எடுத்தேன். அப்படி ஒரு புக்கிங்கே இல்லைன்னாரு. அப்புறம் பிரேமலதா அக்காவைக் கேட்டேன், ஜன்னல் வச்சு அடுப்பையும் வெளிய எடுக்கிறீங்கன்னாங்க.”



வெளியிலிருந்து த்ரீவீலர்க்காரர் கூப்பிட்டார். தொட்டிலை இறக்க ஒரு கை பிடிக்க வேண்டுமாம். அதற்குப் பின்னால் இன்னும் நான்கு பைகள் இருந்தன.